பட்டறை வாசலைத் தொடாத சட்டம்

வாகனங்களிலும் இயந்திரங்களிலும் பயன்படுத்தி மாற்றப்படும் எண்ணெயை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை, அந்த எண்ணெயைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் மீதே சுமத்தும் மத்திய அரசின் விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. நிறுவனங்கள் எட்டவேண்டிய இலக்கு ஆண்டுக்காண்டு உயர்ந்துவருகிறது. ஆனால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணற்படுகையின்மேல் அமைந்துள்ள திருவானைக்காவல் போன்ற ஊரில், சாலையோரப் பட்டறையின் பின்சுவரை ஒட்டி நிற்கும் எண்ணெய்ப் பீப்பாய் நிரம்பியதும் யார் கைக்குப் போகிறது என்ற கேள்விக்கு அந்த விதிகள் இன்னும் விடை தரவில்லை.

கழிவு ஆயில் என்று பேச்சில் வழங்கும் இந்தப் பொருள் சாக்கடையில் கொட்டப்படுவதுதான் சிக்கல் என்பது பொதுவான எண்ணம். கொட்டப்படுவதும் சிந்துவதும் உண்மையே. எனினும், பட்டறைக்காரர் எவரும் அதை மனமுவந்து கொட்டுவதில்லை, ஏனெனில் அதற்கு விலை உண்டு. சென்ட்ரிங் வேலை செய்பவர், செங்கல் சூளை நடத்துபவர், மரச் சாமான்களுக்குக் கரையான் பிடிக்காமல் பூசுபவர், வாங்கி வடிகட்டி மீண்டும் விற்பவர் என்று பலரும் அதைத் தேடி வருகின்றனர். பலருக்கும் வேண்டிய பொருளாக இருப்பதாலேயே அது எந்தக் கணக்கிலும் ஏறாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது என்பதையும், முறையான மறுசுழற்சி ஆலை அந்தப் போட்டியில் பட்டறை வாசலுக்கே வந்து சேருவதில்லை என்பதையும் கவனத்தில் கொண்டால்தான் இதற்குத் தீர்வு காண முடியும்.

மீட்டெடுக்கக்கூடிய பொருள்

இன்ஜின் ஆயில் என்பது, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அடிப்படை எண்ணெயுடன், தேய்மானத்தைத் தடுக்கவும் கரி படியாமல் மிதக்கவைக்கவும் அமிலத்தை முறிக்கவும் உதவும் வேதிச் சேர்மானங்களைக் கலந்து தயாரிக்கப்படுவதாகும். வண்டி ஓட ஓட, எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரித்துகளும், பாகங்கள் உரசுவதால் உதிரும் இரும்பு, செம்பு, அலுமினியம், குரோமியம் ஆகியவற்றின் நுண்துகள்களும், எரியாமல் எஞ்சிய பெட்ரோலும் டீசலும், நீர்த்துளிகளும் அதில் கலக்கின்றன. சேர்மானங்கள் வலுவிழக்கின்றன. அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதாவது, எண்ணெய் அழுக்காகியிருக்கிறதே தவிர தீர்ந்துவிடவில்லை.

அந்த அடிப்படை எண்ணெயைத் திரும்பப் பெறும் வேலைக்கு மறுசுத்திகரிப்பு என்று பெயர். பழைய எண்ணெயை முதலில் சூடாக்கி நீரையும் எரிபொருளையும் ஆவியாக்கி நீக்குகிறார்கள். பின்னர் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலனில் அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாவதால் அது கருகாமல் மேலெழுந்து குளிர்ந்து தெளிவாகச் சேர, உலோகமும் கரியும் தார் போன்ற கசடாக அடியில் தங்கிவிடுகின்றன. இறுதியாக, சிறப்பு வகைக் களிமண்ணைக் கொண்டோ ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டோ நிறமும் நாற்றமும் போக்கப்படுகின்றன. கந்தக அமிலத்தை ஊற்றி அழுக்கைத் திரட்டும் பழைய முறை, எதற்கும் உதவாத அமிலக் கசடை மலைபோல் குவித்ததால், சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில்நுட்பங்களுக்கு மட்டுமே இந்தியாவில் இன்று அனுமதி தரப்படுகிறது.

இதில் மிச்சமாகும் வளத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்கால் விளக்குகிறது. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர், எவ்வளவு மசகு எண்ணெயைத் தருமோ, அதே 2.4 லிட்டர் அளவை 3.8 லிட்டர் பழைய எண்ணெயிலிருந்து எடுத்துவிடலாம் என்பது அந்தக் கணக்கு. கச்சா எண்ணெய்த் தேவையில் மிகப் பெரும்பங்கை இறக்குமதியால் நிறைவுசெய்யும் நாட்டில், செங்கல் சூளையில் எரியும் ஒவ்வொரு லிட்டர் பழைய எண்ணெயும் அந்நியச் செலாவணியை எரிப்பதற்குச் சமம்.

மணல்மேல் அமைந்த ஊர்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் உருவான நீண்ட தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அமைந்துள்ளன. அவற்றுக்குக் கிழக்கே திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என வாழைத் தோட்டங்கள் தொடர்கின்றன. தீவு முழுவதும் ஆறு கொண்டுவந்து படியவைத்த வண்டலும் மணலுமாகும். நிலத்தடி நீர் குறைந்த ஆழத்திலேயே கிடைக்கிறது. பஞ்சபூதத் தலங்களுள் நீருக்குரியதாகப் போற்றப்படும் ஜம்புகேஸ்வரர் கோயிலின் கருவறையில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுவதை வழிபாட்டுக்கு வருவோர் காண்கின்றனர். பக்தர்களுக்கு இறைவனின் திருவுருவாக விளங்கும் அதே நீர், நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதற்கும் சான்றாகிறது.

இத்தகைய நிலத்தில் தரையில் சிந்தும் எண்ணெய், களிமண் பூமியில் தங்கி நிற்பதைப்போல மேலேயே நிற்பதில்லை. மணல் அதை உள்ளிழுத்துக்கொள்கிறது. மழை பெய்யும்போது அது இன்னும் கீழே இறங்குகிறது. நீரில் கரையாத எண்ணெய் நிலத்தடி நீரின் மேற்பரப்பில் பரவ, அதில் கரையக்கூடிய சில நச்சுப் பொருட்கள் நீரோடு சேர்ந்து கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் போகின்றன. ஒருமுறை வண்டிக்கு ஆயில் மாற்றும்போது வெளியேறும் எண்ணெய், பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் குடிக்க இயலாததாக்கப் போதுமானது என்று அதே அமெரிக்க முகமை எச்சரிக்கிறது.

மழைநீர் வடிகாலில் விழும் எண்ணெய் வேறு வழியாகச் செல்கிறது. திருவானைக்காவலினூடே ஓடும் திருமஞ்சனக் காவிரி போன்ற வாய்க்கால்களின் மேல் அது மெல்லிய படலமாகப் பரவி, காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கலப்பதைத் தடுக்கிறது. மீன்களும் நீர்ப்பூச்சிகளும் மூச்சுத் திணறுகின்றன. அந்த நீர் பாயும் தோட்டத்தில் மண்துகள்களைச் சுற்றி எண்ணெய் படிவதால் வேருக்குக் காற்றும் ஈரமும் கிடைப்பது குறைகிறது. பாதாளச் சாக்கடையில் இறங்கினால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்று நீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிரிகளே பாதிக்கப்படுகின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், மீனவர்களின் வலைகளிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ஒட்டிக்கொண்டதைத் தமிழ்நாடே பார்த்தது. அது ஒரே நாளில் கண்ணில் பட்ட பேரிடர் என்பதால் பசுமைத் தீர்ப்பாயமும் அரசும் உடனே விழித்துக்கொண்டன. பட்டறைகளிலிருந்து லிட்டர் லிட்டராக இறங்கும் எண்ணெயை எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை. அதைத் துடைத்தெடுக்க எந்தப் படகும் வருவதில்லை.

பீப்பாய் நிரம்பும் விதம்

இருசக்கர வாகனப் பட்டறையில் ஆயில் மாற்றும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். சூடாக இருக்கும் இன்ஜினின் அடியிலுள்ள டிரெயின் நட்டைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் தட்டில் இறங்குகிறது. தட்டிலிருந்து பெயின்ட் வாளிக்கும், வாளியிலிருந்து புனல் வழியே பீப்பாய்க்கும் அது மாற்றப்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தரையில் சிந்துகிறது. சிந்தியதன்மேல் மரத்தூளோ மணலோ தூவிப் பெருக்கித் தள்ளுகிறார்கள். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். எண்ணெயில் ஊறிய அந்தத் துணியும், உள்ளே எண்ணெய் தேங்கிய பழைய ஃபில்டரும் பெரும்பாலும் குப்பையோடு குப்பையாகப் போகின்றன, அல்லது மாலையில் தெருமுனையில் எரிக்கப்படுகின்றன. காலி டப்பா காயலான் கடைக்குப் போகிறது.

இந்த வேலையைச் செய்பவரின் கைகளில் நாள் முழுவதும் அந்த எண்ணெய் படிந்திருக்கிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் பென்சோபைரீன் போன்ற பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், பயன்படுத்தப் பயன்படுத்த இன்ஜின் ஆயிலில் சேர்ந்துகொண்டே போகின்றன. பென்சோபைரீனும், சுத்திகரிக்கப்படாத அல்லது குறைவாகச் சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெய்களும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டதால் பழைய எண்ணெயில் ஈயத்தின் அளவு பெரிதும் குறைந்தது ஓர் ஆறுதல். ஆயினும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறையில் தொழில் பழக வரும் இளைஞர்களின் தோலுக்கும் இந்த எண்ணெய்க்கும் இடையே ஒரு கையுறைகூட இல்லாத நிலையை, தொழில் சார்ந்த இயல்பான ஒன்றாகச் சமூகம் ஏற்றுக்கொண்டிருப்பது வேதனைக்குரியது.

எங்கெல்லாம் போகிறது?

கட்டட வேலை நடக்கும் இடங்களில், கான்கிரீட் ஒட்டாமல் பிரிந்துவருவதற்காகச் சென்ட்ரிங் பலகைகளிலும் தகடுகளிலும் பழைய எண்ணெய் பூசப்படுகிறது. கம்பி கட்டுபவர்கள் அதன்மேல் வெறுங்காலுடன் நடக்கின்றனர். மழை வந்தால் அது மனையிலேயே வழிந்து, பின்னாளில் அந்த வீட்டுக்காரரே ஆழ்துளைக் கிணறு போடும் மண்ணில் இறங்குகிறது. கான்கிரீட்டில் கறை படிவதோடு பூச்சு சரியாகப் பிடிக்காமல் போவதும் உண்டு. வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியப்படுத்தப்படுவதில்லை.

வேலிக்கால்களுக்கும் மர நிலைகளுக்கும் கரையான் தடுப்பாகப் பூசுவது தலைமுறை வழக்கம். வீட்டுக்குள் இருக்கும் மரத்தில் பூசினால், குழந்தைகள் தொடும் உயரத்தில் அந்த நச்சுக் கலவை ஆண்டுக்கணக்கில் இருக்கும். புழுதி அடங்குவதற்காக மண்சாலையிலும் லாரி நிறுத்துமிடத்திலும் தெளிப்பதும் தீங்கில்லாத சிக்கனமாகவே கருதப்படுகிறது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருந்த டைம்ஸ் பீச் என்ற சிற்றூர் இந்தச் சிக்கனத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 1970களின் முற்பகுதியில் அங்கே புழுதியை அடக்கத் தெருக்களில் பழைய எண்ணெய் தெளிக்கப்பட்டது. அந்த எண்ணெயில் ஒரு வேதித் தொழிற்சாலையின் டையாக்சின் கழிவு கலந்திருந்தது எவருக்கும் தெரியவில்லை. அதே எண்ணெய் தெளிக்கப்பட்ட குதிரை லாயங்களில் குதிரைகள் மடிந்தன. உண்மை வெளிவந்தபின், 1983இல் அரசு ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கி, ஏறத்தாழ 2,000 மக்களையும் வேறிடங்களுக்கு அனுப்பியது. பழைய எண்ணெய் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற கணக்கு இல்லாத இடத்தில், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் யாராலும் சொல்ல முடியாது என்பதை அந்த ஊரின் அழிவு காட்டியது.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் பலவற்றில், மரத்தூளைப் பழைய எண்ணெயில் ஊறவைத்துத் துணியில் பொதிந்து, கொசுப்புழுவை அழிக்கத் தேங்கிய நீரில் போடும் எண்ணெய்ப் பந்துகளும் இந்தப் பட்டியலில் சேரும். டெங்குவை ஒழிக்க முனையும் சுகாதாரப் பணியாளர்களின் நோக்கம் நல்லதே. ஆனால், புழுவை மூச்சுத் திணறவைக்கும் அதே படலம் அந்தப் புழுவைத் தின்னும் மீனையும் கொல்கிறது. மழை வலுத்ததும் அந்தத் தேக்கம் வாய்க்காலோடு சேர்ந்துவிடுகிறது. பசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படும் கொசுப்புழுக் கொல்லியும், கொசுப்புழு உண்ணும் கம்பூசியா மீனும் கைவசம் இருக்கையில், அரசு அமைப்பே அபாயக் கழிவை நீரில் விடுவது பொருத்தமன்று.

செங்கல் சூளையிலும் சிறிய உலைகளிலும் எரிக்கப்படும்போது, எண்ணெயிலுள்ள துத்தநாகமும் பிற உலோகங்களும் புகையோடு வெளியேறுகின்றன. மிக அதிக வெப்பமும் புகை வடிகட்டும் அமைப்பும் உள்ள உலைகளில் எரிப்பது வேறு. தாழ்ந்த புகைபோக்கி கொண்ட சூளையில் எரிப்பது வேறு.

எல்லாவற்றிலும் வாகன உரிமையாளரை நேரடியாகத் தாக்குவது போலி எண்ணெய்தான். பழைய எண்ணெயை வடிகட்டி, நிறத்தை மட்டும் வெளுக்கவைத்து, பெயர்பெற்ற நிறுவனங்களின் காலி டப்பாக்களில் அடைத்து விற்பவர்கள் உள்ளனர். சேர்மானங்கள் இல்லாத அந்த எண்ணெயால் பிஸ்டனும் பேரிங்கும் விரைவில் தேய்கின்றன. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் டப்பாவுக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததாக எண்ணியிருக்கையில், இன்ஜின் வேலைக்குப் பல ஆயிரம் செலவழிக்க நேர்கிறது. முறையாக மறுசுத்திகரிப்புச் செய்து புதிய சேர்மானங்களைக் கலந்த எண்ணெயோ தரத்தில் புதிய எண்ணெய்க்கு நிகரானது. இரண்டும் வெவ்வேறு என்பதை மக்கள் அறியாததால், போலியின் கெட்ட பெயர் நல்ல பொருளின்மேலும் விழுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

1989இல் முதன்முதலாக இயற்றப்பட்ட அபாயக் கழிவு விதிகள் பலமுறை திருத்தப்பட்டு, 2016இல் புதிய வடிவம் பெற்றன. அவை, மறுசுத்திகரிப்புக்கு ஏற்ற இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், மின்மாற்றி எண்ணெய் முதலியவற்றைப் பயன்படுத்திய எண்ணெய் என்றும், கப்பல்களிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் சேரும் கசடு போன்றவற்றைக் கழிவு எண்ணெய் என்றும் பிரித்து, முதலாவதைப் பதிவுபெற்ற ஆலைகளுக்கு மட்டுமே தரவேண்டும் என்று கூறுகின்றன. அபாயக் கழிவை உண்டாக்குபவர் அதை 90 நாட்களுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. ஆண்டுக்குப் பத்து டன் வரை உண்டாக்கும் சிறியவர்களுக்கு மாநில வாரியம் இந்தக் காலத்தை நீட்டிக்கலாம்.

இந்த விதிகளுக்கு நீதிமன்ற வரலாறும் உண்டு. மசகு எண்ணெய் என்ற பெயரில் நவசேவா துறைமுகத்துக்கு வந்திறங்கிய 133 கொள்கலன் கழிவு எண்ணெயை, இறக்குமதி செய்தவர்களின் செலவிலேயே எரித்து அழிக்குமாறு 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உள்நாட்டில் சேரும் எண்ணெயைச் சேகரிக்க வழி செய்யாத நாடு, பிற நாடுகளின் கழிவு வந்து குவியும் இடமாகவும் மாறியிருந்ததை அந்த வழக்கு வெளிக்கொணர்ந்தது.

2023 செப்டம்பர் 18 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட திருத்தம், உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பு என்ற கொள்கையை இந்த எண்ணெய்க்கும் கொண்டுவந்தது. அதன்படி, எண்ணெய் விற்கும் நிறுவனங்கள் தாங்கள் விற்ற அளவில் ஒரு பங்கு மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். முதல் ஆண்டில் 5 சதவீதமாகத் தொடங்கிய அந்தப் பங்கு படிப்படியாக 50 சதவீதத்தை எட்டும். மறுசுழற்சி ஆலை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து தான் சுத்திகரித்த அளவுக்குச் சான்றிதழ் பெறுகிறது. விற்பனை நிறுவனம் அந்தச் சான்றிதழை வாங்கித் தன் கணக்கை நேர்செய்கிறது.

கொள்கை சரியானதே. குறை அதன் நடைமுறை அமைப்பில் உள்ளது. சான்றிதழ் சுத்திகரித்த அளவுக்கேற்பக் கிடைப்பதால், ஆலைகள் எளிதில் திரளும் எண்ணெயைத்தான் முதலில் எடுக்கும். பொன்மலை ரயில்வே பணிமனை, திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை, அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகள் போன்ற பெரிய இடங்களில் எண்ணெய் மொத்தமாகச் சேர்கிறது. இத்தகைய பொதுத்துறை அமைப்புகள் அதைப் பதிவுபெற்ற ஆலைகளுக்கு ஏலத்தில் விற்பது முன்பே உள்ள நடைமுறை. தொடக்க ஆண்டுகளின் குறைந்த இலக்கை அந்த எண்ணெயைக் கொண்டே அடைந்துவிட முடியும். மாம்பழச்சாலையிலும் திருவானைக்காவலிலும் உள்ள ஒற்றை ஷெட்டர் பட்டறைகளின் ஒரு பீப்பாய் எண்ணெயைத் தேடி லாரியை அனுப்ப எந்த ஆலைக்கும் இப்போது அவசியமில்லை. காகிதத்தில் இலக்கு எட்டப்பட, பட்டறை எண்ணெய் முன்புபோலவே சூளைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இத்தாலி செய்தது

மேற்கு ஜெர்மனி 1968இலேயே பழைய எண்ணெய்க்குத் தனிச் சட்டம் இயற்றியது. இத்தாலி இன்னும் ஒரு படி மேலே சென்று, 1984 முதல் செயல்படும் ஒரு தேசியக் கூட்டமைப்பின் வழியாக, நாட்டின் எந்த மூலையிலுள்ள பட்டறையிலிருந்தும் பழைய எண்ணெயைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தது. அதற்கான செலவைச் சந்தையில் விற்கப்படும் புதிய எண்ணெயின் மீதான சிறு பங்களிப்பு ஈடுகட்டுகிறது. பட்டறைக்காரர் அலைய வேண்டியதில்லை; எண்ணெயை அள்ளிச் செல்லும் வண்டி ஒரு முறைப்படி வந்துபோகிறது. அங்கே சேகரிக்கப்படும் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி மீண்டும் மசகு எண்ணெயாகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1991இல் இயற்றிய சட்டத்தின்படி, எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவருபவருக்கு ஊக்கத்தொகை தருகிறது.

தொலைவிலுள்ள நாடுகளைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. உணவகங்களில் பலமுறை பொரிக்கப் பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் தொடங்கியது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கடைக்காரர்களிடம் நேரில் பேசி, சேகரிப்பாளர்களோடு இணைத்து, விலையும் பெற்றுத் தரும் வழி அதில் உள்ளது. பஜ்ஜிக் கடையின் பத்து லிட்டருக்குச் சாத்தியமானது, மெக்கானிக் கடையின் பீப்பாய்க்கும் சாத்தியமே.

செய்யவேண்டியவை

நாளொன்றுக்கு ஐந்து இருசக்கர வாகனங்களுக்கு ஆயில் மாற்றும் ஒரு பட்டறையில், வண்டிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்று கொண்டாலும், மாதம் நூறு லிட்டருக்கு மேல் சேர்கிறது. இரண்டு மாதங்களில் ஒரு 200 லிட்டர் பீப்பாய் நிறைந்துவிடும். சட்டம் அனுமதிக்கும் 90 நாள் வரம்புக்குள் இது அடங்கும். இத்தகைய நூறு பட்டறைகளை ஒரே வழித்தடத்தில் இணைத்தால், மாதம் பத்தாயிரம் லிட்டருக்குக் குறையாமல், ஒரு டேங்கர் லாரியை நிரப்பும் அளவு எண்ணெய் கிடைக்கும். ஆகவே, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கொள்ளிடக் கரையிலுள்ள நம்பர் ஒன் டோல்கேட் பகுதி ஆகியவற்றை ஒரு சேகரிப்பு வட்டமாகக் கொண்டு, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை குறிப்பிட்ட நாளில் பதிவுபெற்ற சேகரிப்பாளரின் வண்டி வரும்படி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருச்சி அலுவலகமும் மாநகராட்சியும் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். மெக்கானிக்குகளின் சங்கங்களை முதல் நாளிலிருந்தே இதில் பங்குதாரர்களாக்க வேண்டும். அபராத நோட்டீஸோடு தொடங்கும் எந்தத் திட்டமும் பீப்பாயை இன்னும் ஆழமாக மறைக்கவே செய்யும்.

விலைதான் எண்ணெய் போகும் திசையைத் தீர்மானிக்கிறது. சூளைக்காரர் தரும் விலையைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகப் பதிவுபெற்ற சேகரிப்பாளர் தந்தால் பட்டறைக்காரர் வேறு பக்கம் திரும்ப மாட்டார். அந்தக் கூடுதல் தொகை நிறுவனங்கள் வாங்கும் சான்றிதழின் விலையிலிருந்து வரவேண்டும். இதற்காக, ஒவ்வொரு நிறுவனத்தின் இலக்கிலும் ஒரு பகுதி சிறு பட்டறைகளிலிருந்து சேகரித்ததாக இருக்கவேண்டும் என்று விதியில் சேர்க்குமாறு தமிழ்நாடு அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். எண்ணெய் எடுக்கும்போது பட்டறையின் பெயர், அளவு, தேதி அடங்கிய ரசீது தமிழில் தரப்படுவதும், அந்த ரசீதே அனுமதி ஆவணமாக ஏற்கப்படுவதும் பல பக்கப் படிவங்களிலிருந்து சிறு தொழிலாளியைக் காப்பாற்றும்.

வீட்டிலேயே ஆயில் மாற்றிக்கொள்பவர்களுக்கும் ஜெனரேட்டர் வைத்திருக்கும் திருமண மண்டபங்களுக்கும் ஓரிடம் தேவை. வீடுகளில் சேரும் அபாயக் கழிவுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற வீதத்தில் சேகரிப்பு மையம் அமைக்குமாறு 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளுக்குக் கூறின. சுமார் 167 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள திருச்சி மாநகராட்சிக்கு அந்தக் கணக்கில் ஒன்பது மையங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் மூடியிட்ட ஓர் எண்ணெய்ப் பீப்பாயும், பழைய ஃபில்டர்களுக்கும் எண்ணெய் ஊறிய துணிகளுக்கும் தனித்தனித் தொட்டிகளும் வைக்கலாம். அரியமங்கலத்தில் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பையைப் பிரித்தெடுக்கப் பட்ட பாட்டை மறவாத மாநகராட்சிக்கு, அபாயக் கழிவை முதலிலேயே பிரிப்பதன் அருமையை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

மறுசுத்திகரிப்பு எண்ணெய்க்கு நிலையான வாங்குபவர் இல்லாமல் ஆலைகள் பெருகாது. அமெரிக்க மத்திய அரசு 1993இல் பிறப்பித்த ஆணையொன்றின் வழியே, மறுசுத்திகரிப்பு எண்ணெயைத் தன் துறைகள் வாங்குவதை ஊக்குவித்தது. கும்பகோணம் கோட்டப் போக்குவரத்துக் கழகத்தின் திருச்சி மண்டலப் பேருந்துகளில், உரிய தரச்சான்று பெற்ற மறுசுத்திகரிப்பு எண்ணெயை முதலில் ஒரு பணிமனையில் பயன்படுத்தி, இன்ஜின் தேய்மானத்தை ஆய்வகத்தில் சோதித்து முடிவுகளை வெளியிட்டால், தனியார் லாரி உரிமையாளர்களின் தயக்கமும் குறையும். மாநகராட்சியும் பொதுப்பணித் துறையும் தங்கள் கட்டட ஒப்பந்தங்களில், சென்ட்ரிங் பலகைக்குப் பழைய எண்ணெய் பூசக் கூடாது, அதற்கென விற்கப்படும் தாவர எண்ணெய் அல்லது நீர் சார்ந்த பூச்சையே பயன்படுத்த வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தால், பழைய எண்ணெயின் தவறான சந்தைகளுள் ஒன்று பெரிதும் சுருங்கும். எண்ணெய்ப் பந்துகளை நிறுத்துவதற்கோ தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாநகராட்சி ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

பட்டறைக்காரர்கள் இன்றே செய்யக்கூடியவையும் சில உண்டு. பீப்பாயைக் கூரைக்குக் கீழே, சிமென்ட் தரையில், சுற்றிலும் அரை அடி உயர வரப்புக் கட்டி அதற்குள் வைத்தால் கசிவு மண்ணுக்குப் போகாது. பிரேக் ஆயில், கூலண்ட், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றை அதில் ஊற்றக் கூடாது. அவை கலந்துவிட்டால் ஆலை அந்த எண்ணெயை ஏற்காமல் போகக்கூடும், விலையும் விழும். பழைய ஃபில்டரில் துளையிட்டு ஓர் இரவு கவிழ்த்து வைத்தால், தேங்கிய எண்ணெய் வடிந்து பீப்பாயில் சேர்வதோடு, மிஞ்சும் இரும்பும் விலைபோகும். நைட்ரைல் கையுறை அணிவதும், கையைப் பெட்ரோலில் கழுவும் வழக்கத்தை விடுவதும் பழகுநர்களுக்கு முதல் பாடமாகட்டும். ஆயில் மாற்றக் கொடுக்கும் வாகன உரிமையாளர், காலி டப்பாவின் பக்கவாட்டில் தன் கண் முன்னாலேயே ஆணியால் ஓட்டை போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினால், அந்த டப்பாவில் போலி எண்ணெய் அடைக்க எவராலும் முடியாது.